பெல்லிங்காமின் 12ஆம் சேனல்: அண்டை நாட்டு நகரத்தை நம்பி வாழ்ந்த ஒரு தொலைக்காட்சி நிலையம்

கேள்வி இதுதான்: அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பெல்லிங்காம் என்ற சிறு நகரத்தில் உரிமம் பெற்ற கேவிஓஎஸ் தொலைக்காட்சி நிலையம், ஒரு காலத்தில் சிபிஎஸ் நெட்வொர்க்கோடு இணைந்திருந்து, பிறகு எந்த நெட்வொர்க்கும் இல்லாமல் தனித்து நின்று, பிறகு பழைய தொடர்களை ஒளிபரப்பி, இன்று ஸ்பானிய மொழி நெட்வொர்க்கான யூனிவிஷனின் நிலையமாக இருப்பது ஏன்? இத்தனை மாற்றங்களுக்கும் நிர்வாகத்தின் தடுமாற்றம்தான் காரணமா?

நிர்வாகம் காரணம் இல்லை என்பதே என் பதில். அந்த நிலையம் நின்ற இடம்தான் காரணம். பெல்லிங்காமிலிருந்து வடக்கே ஏறத்தாழ 85 கிலோமீட்டரில் கனடாவின் வான்கூவர் இருக்கிறது. தெற்கே ஏறத்தாழ 145 கிலோமீட்டரில் சியாட்டில் இருக்கிறது. இந்த இரண்டு பெருநகரங்களுக்கு நடுவில், இரண்டில் எதற்கும் முழுமையாகச் சொந்தமில்லாத ஓர் ஊரில் பிறந்த நிலையம் அது. அதன் தலையெழுத்தை மாற்றிய முடிவுகளில் பெரும்பாலானவை ஒட்டாவாவிலும் நியூயார்க்கிலும் சியாட்டிலிலும் எடுக்கப்பட்டவை.

முதலில் அமெரிக்கத் தொலைக்காட்சியின் அடிப்படை ஏற்பாட்டைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஒரே செயற்கைக்கோள் சேனலை நாடு முழுவதும் பார்த்துப் பழகிய நமக்கு அது சற்று அந்நியமானது. அங்கே சிபிஎஸ், என்பிசி, ஏபிசி ஆகிய நெட்வொர்க்குகளுக்கு நாடு தழுவிய ஒளிபரப்பு உரிமம் என்று எதுவும் கிடையாது. உரிமம் ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனியாக, ஒவ்வொரு நிலையத்துக்கும் மத்தியத் தகவல் தொடர்பு ஆணையத்தால் வழங்கப்படுகிறது. நெட்வொர்க் நேரடியாகச் சொந்தமாக வைத்திருக்கும் சில நிலையங்கள் நீங்கலாக, மற்ற ஊர்களில் அது உள்ளூர் முதலாளிகளின் நிலையங்களோடு இணைப்பு ஒப்பந்தம் செய்துகொள்கிறது. நிகழ்ச்சிகளை நெட்வொர்க் தரும். நிலையம் அவற்றை ஒளிபரப்பும். நிகழ்ச்சியில் வரும் விளம்பரங்களில் பெரும்பகுதியை நெட்வொர்க் விற்கும். இடையில் விடப்படும் சில நிமிடங்களை நிலையம் தன் ஊர்க் கடைகளுக்கு விற்றுக்கொள்ளும். பல பத்தாண்டுகள் நெட்வொர்க்தான் நிலையத்துக்கு அதன் நேரத்துக்காகப் பணம் கொடுத்தது. பின்னாளில் அது தலைகீழாகி, நிலையங்கள் நெட்வொர்க்குக்குப் பணம் கட்டும் நிலை வந்தது. எந்தக் காலத்திலும் மாறாத ஒரு விதி உண்டு: ஒரே சந்தையில் தன் நிகழ்ச்சியை இரண்டு நிலையங்கள் காட்டுவதை நெட்வொர்க் விரும்பாது, தன் எல்லைக்குள் இன்னொரு நிலையம் அதே நிகழ்ச்சியைக் காட்டுவதை, ஏற்கெனவே இணைப்பு பெற்ற நிலையமும் பொறுத்துக்கொள்ளாது. கேவிஓஎஸ்ஸின் சிபிஎஸ் காலத்தை முடிவுக்குக் கொண்டுவந்ததில் இந்த விதிக்குப் பெரும் பங்கு உண்டு.

நிலையத்தை நிறுவியவர் ரோகன் ஜோன்ஸ். தொலைக்காட்சிக்கு முன்பே கேவிஓஎஸ் என்ற வானொலியை நடத்தி வந்தவர், எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்பதைச் சோதித்துப் பார்க்கத் தயங்காதவர். 1930களில் அவருடைய வானொலி, சியாட்டில், பெல்லிங்காம் செய்தித்தாள்களில் அச்சாகி வந்த செய்திகளை எடுத்து, அந்தத் தாள்கள் பல சந்தாதாரர்களின் வாசலை எட்டும் முன்பே ஒலிபரப்பிவிடும். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வழக்குத் தொடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1936 டிசம்பரில் நீதிமன்றம், செய்தியின் உரிமை யாருக்கு என்ற பெரிய கேள்விக்குள் போகாமல், மத்திய நீதிமன்றம் விசாரிப்பதற்குத் தேவையான 3,000 டாலர் இழப்பு காட்டப்படவில்லை என்ற அடிப்படையில் வழக்கைத் தள்ளுபடி செய்ய உத்தரவிட்டது. அமெரிக்க ஒளிபரப்புச் சட்ட வரலாற்றில் இன்றும் பேசப்படும் அந்த வழக்கில் ஒரு தரப்பு இந்தச் சிற்றூர் வானொலி என்பது, இவரைப் பற்றி நிறையவே சொல்கிறது.

1948 செப்டம்பரில் ஆணையம் புதிய தொலைக்காட்சி உரிமங்களை நிறுத்தி வைத்தது. அலைகள் ஒன்றோடொன்று மோதாமல் நாடு முழுவதற்கும் சேனல்களைப் பங்கிட்டு முடிக்க அதற்கு 1952 ஏப்ரல் வரை ஆயிற்று. அந்தப் பங்கீட்டில்தான் சிறு நகரங்களுக்கும் சேனல்கள் ஒதுக்கப்பட்டன. பெல்லிங்காமுக்கு 12ஆம் சேனல் கிடைத்தது. அன்றைய தொலைக்காட்சிப் பெட்டிகள் எல்லாமே எளிதாகப் பிடிக்கக்கூடிய 2 முதல் 13 வரையிலான எண்களுக்குள் அது இருந்தது பெரும் பேறு. 1950 கணக்கெடுப்பில் பெல்லிங்காமின் மக்கள்தொகை ஏறத்தாழ 34,000தான். அந்த எண்ணிக்கையை மட்டும் நம்பி ஒரு தொலைக்காட்சி நிலையத்தை நடத்துவது கடினம். ஆனால் அலை ஊர் எல்லையில் நிற்பதில்லையே. அன்று வான்கூவர் பெருநகரப் பகுதியில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். அவர்களுக்கென்று ஒரு தொலைக்காட்சி நிலையம்கூட அப்போது இல்லை.

ஒளிபரப்பு 1953 ஜூன் மாதத் தொடக்கத்தில் ஆரம்பமானது. முதல் நிகழ்ச்சியாக ஜோன்ஸ் தேர்ந்தெடுத்தது ஜூன் 2 அன்று லண்டனில் நடந்த இரண்டாம் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழா. அட்லாண்டிக்கைத் தாண்டி நேரடியாகப் படம் அனுப்பும் செயற்கைக்கோள் அன்று இல்லை. பிபிசியின் ஒளிபரப்பைத் திரையிலிருந்தே படச்சுருளில் பதிவு செய்து, அந்தச் சுருளை விமானத்தில் கடல் கடத்தி, கனடா முழுவதையும் தாண்டி வான்கூவருக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து சாலை வழியாக எல்லையைக் கடந்து பெல்லிங்காமில் சேர்த்தார்கள். அமெரிக்க மண்ணில் தொடங்கும் ஓர் அமெரிக்க நிலையம், தன் முதல் நாளில் பிரிட்டிஷ் அரசியின் முடிசூட்டைக் காட்ட வேண்டிய அவசியம் என்ன? அந்த அரசி கனடாவுக்கும் அரசி. வான்கூவரில் பெட்டி வைத்திருந்த ஒவ்வொரு குடும்பமும் அன்று 12ஆம் எண்ணைத் திருப்பும் என்று அவருக்குத் தெரியும். நிலையம் யாருக்காகத் தொடங்கப்பட்டது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த அறிவிப்பும் சொல்லியிருக்க முடியாது.

கனடாவின் அரசு ஒளிபரப்பான சிபிசி 1952 செப்டம்பரில் மான்ட்ரியலிலும் டொராண்டோவிலும் தொலைக்காட்சியைத் தொடங்கியிருந்தது; வான்கூவரின் சிபியூடி 1953 டிசம்பர் 16 அன்றுதான் வந்தது. அதற்குப் பிறகும், ஒரு நகரத்துக்கு ஒரு நிலையம் என்ற கனடாவின் அன்றைய கொள்கையால், வான்கூவருக்கு இரண்டாவது உள்ளூர் நிலையமான சிஹெச்ஏஎன் 1960 அக்டோபர் இறுதியில்தான் கிடைத்தது. இடைப்பட்ட ஏழு ஆண்டுகளும் கேவிஓஎஸ்ஸுக்குப் பொற்காலம். வான்கூவரிலேயே அலுவலகம் திறந்து, வான்கூவர் வணிகர்களிடமே விளம்பரம் வாங்கியது. ஆர்காஸ் தீவில் 730 மீட்டர் உயரமுள்ள கான்ஸ்டிடியூஷன் மலையின் உச்சியில் அதன் கோபுரம் நின்றது. அங்கிருந்து கடலின் குறுக்கே வான்கூவருக்கும் விக்டோரியாவுக்கும் அலை தடையின்றிச் சென்றது. 1960களில் கானவெஸ்ட் என்ற படத் தயாரிப்பு நிறுவனத்தையும் வான்கூவரில் வைத்துக்கொண்டு, ஹன்னா-பார்பரா நிறுவனத்துக்குக் கேலிச்சித்திரப் படங்கள் செய்துகொடுக்கும் அளவுக்கு அது வளர்ந்தது. வான்கூவரின் அசைபடக் கலைக்கு அமெரிக்கச் சிற்றூர் நிலையம் ஒன்று ஆரம்பத் தளம் அமைத்துக் கொடுத்தது என்பது போதிய அளவு நினைவுகூரப்படாத செய்தி.

இந்தப் பின்னணியில்தான் சிபிஎஸ் இணைப்பைப் பார்க்க வேண்டும். சியாட்டில் பகுதியில் சிபிஎஸ் நிகழ்ச்சிகளை 1953இலிருந்து டகோமாவின் 11ஆம் சேனலும், 1958 பிப்ரவரியில் தொடங்கிய கைரோ என்ற 7ஆம் சேனலும் அடுத்தடுத்துப் பெற்றன. அந்தச் சேனல்கள் வடமேற்கு மூலையிலும் தீவுகளிலும் எல்லா இடங்களிலும் தெளிவாகக் கிடைத்துவிடவில்லை; மலைகளும் தூரமும் தடுத்தன. ஆகவே வடக்கே தனியாக ஒரு சிபிஎஸ் நிலையம் இருப்பதில் அன்று பெரிய முரண் எழவில்லை. சிபிஎஸ்ஸின் நகைச்சுவைத் தொடர்களும் விளையாட்டுகளும் கேவிஓஎஸ் வழியாக வான்கூவருக்குப் போயின. அவற்றுக்கு நடுவில் கிடைத்த உள்ளூர் விளம்பர நேரத்தை வான்கூவர் வணிகர்களுக்கு விற்றதில்தான் நிலையத்தின் வருமானத்தில் பெரும்பகுதி வந்தது. மயாமியைத் தலைமையிடமாகக் கொண்ட வோமெட்கோ நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் ஜோன்ஸிடமிருந்து நிலையத்தை வாங்கியது. அது வாங்கியது வான்கூவர் சந்தைக்குள் நுழைய ஒரு வாசலைத்தான் என்று நான் கருதுகிறேன்.

அந்த வாசலை இரண்டு விஷயங்கள் அடைத்தன. ஒன்று கேபிள், மற்றது வருமான வரி.

கேபிள் முதலில் நன்மை போலத்தான் தெரிந்தது, ஏனென்றால் வான்கூவர் மக்கள் மிக விரைவிலேயே கேபிளுக்கு மாறினார்கள், கேவிஓஎஸ் துல்லியமாக வீடுகளைச் சேர்ந்தது. ஆனால் அதே கேபிள் சியாட்டிலின் சேனல்களையும் சேர்த்தே கொண்டுவந்தது. கைரோ கிடைக்கும் வீட்டில் இன்னொரு சிபிஎஸ் எதற்கு? போதாக்குறைக்கு, 1970களின் தொடக்கத்தில் கனடாவின் ஒளிபரப்பு ஆணையம் ஒரு மாற்று ஒளிபரப்பு விதியைக் கொண்டுவந்தது. ஒரு கனடிய நிலையமும் அமெரிக்க நிலையமும் ஒரே நேரத்தில் ஒரே நிகழ்ச்சியைக் காட்டினால், கேபிள் நிறுவனம் அமெரிக்கச் சேனலின் மீது கனடியச் சேனலின் படத்தைப் போட்டுவிடலாம். பார்வையாளருக்கு நிகழ்ச்சியில் எந்த வேறுபாடும் தெரியாது. 12ஆம் சேனலில்தான் பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் இடைவேளையில் வருவது வேறொரு நிலையம் விற்ற விளம்பரம்.

வரிதான் மரண அடி. 1976இல் கனடிய நாடாளுமன்றம் சி-58 என்ற மசோதாவை நிறைவேற்றியது. கனடியச் சந்தையைக் குறிவைத்து எல்லைக்கு அப்பாலுள்ள நிலையங்களில் விளம்பரம் செய்யும் கனடிய நிறுவனங்கள், அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் இனிக் கழித்துக்கொள்ள முடியாது என்றது அது. கணக்கைப் போட்டுப் பார்த்தால் இதன் கனம் விளங்கும். லாபத்தில் ஏறத்தாழ பாதியை வரியாகக் கட்டும் ஒரு வான்கூவர் நிறுவனம் 1,000 டாலருக்கு விளம்பரம் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். செலவைக் கழிக்க முடிந்தபோது, வரிச் சலுகை போக அதற்கு உண்மையில் ஆன செலவு 500 டாலர். சட்டம் வந்த பிறகு அதே விளம்பரத்துக்கு முழு 1,000 டாலரும் கைப்பணம். அதாவது, கேவிஓஎஸ் தன் கட்டணத்தில் ஒரு காசு கூட்டாமலே, விளம்பரதாரருக்கு அதன் விலை இரண்டு மடங்காகிவிட்டது. கனடிய நிலையங்களோடு போட்டி போட வேண்டுமானால் கட்டணத்தைப் பாதியாக்குவதைத் தவிர வேறு வழியில்லை. அதே 1976 செப்டம்பரில் வான்கூவரில் சிகேவியூ என்ற புதிய நிலையமும் தொடங்கியது. எல்லைக்கு அப்பால் போய்க்கொண்டிருந்த பணத்துக்கு இப்போது உள்ளூரிலேயே இன்னோர் இடம் கிடைத்தது.

இந்தச் சட்டத்தைக் கனடாவின் பக்கமிருந்து பார்ப்பதும் அவசியம். தன் நகரத்து விளம்பரப் பணம் அண்டை நாட்டு நிலையத்துக்குப் போவதால், சொந்த நிலையங்களால் செய்தியும் நாடகமும் தயாரிக்க இயலவில்லை என்ற வாதத்தில் நியாயம் இருந்தது. அந்தச் சட்டத்தை நான் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வான்கூவர் குடும்பங்களின் வரவேற்பறையில் இருந்த ஒரு நிலையம், அந்த நகரத்தின் அரசியலில் குரல் கொடுக்க ஒரு வாக்காளர்கூட இல்லாததால் எளிதில் பலியானது என்பதும் உண்மை.

இதே நிலையில் இருந்த இன்னொரு நிலையம் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. வட டகோட்டாவின் பெம்பினா என்ற குக்கிராமத்திலிருந்து கனடாவின் வின்னிபெக் நகரத்துக்காக ஒளிபரப்பி வந்த கேசிஎன்டி நிலையத்தை, இஸ்ஸி ஆஸ்பர் தலைமையிலான குழு வாங்கி, 1975இல் அப்படியே எல்லையைத் தாண்டி வின்னிபெக்குக்கு இடம் பெயர்த்து, சிகேஎன்டி என்ற கனடிய நிலையமாக்கியது. கேன்வெஸ்ட் என்ற பெரிய ஊடகக் குழுமம் அங்கிருந்துதான் வளர்ந்தது. கேவிஓஎஸ் பெல்லிங்காமிலேயே நின்றது.

அமெரிக்கத் தரப்பு சும்மா இருக்கவில்லை. எல்லையோர நிலையங்கள் 1978இல், பிற நாடுகளின் நியாயமற்ற வர்த்தக நடைமுறைகளுக்கு எதிராக முறையிட வழிசெய்யும் வர்த்தகச் சட்டத்தின் 301ஆம் பிரிவின் கீழ் தங்கள் அரசிடம் முறையிட்டன. 1984இல் அமெரிக்கக் காங்கிரஸ் அதே பாணியில், கனடிய நிலையங்களில் விளம்பரம் செய்யும் அமெரிக்க நிறுவனங்களுக்கு வரிக் கழிவு இல்லை என்று சட்டம் இயற்றியது. கனடா தன் சட்டத்தைத் திரும்பப் பெறவில்லை. அமெரிக்க விளம்பரதாரர்கள் கனடிய நிலையங்களில் அவ்வளவாகப் பணம் போடவே இல்லை என்பதால், அந்தப் பதிலடி யாருக்கும் பெரிதாக வலிக்கவில்லை.

சிபிஎஸ் உறவு முடிந்ததை இனிச் சுருக்கமாகவே சொல்லலாம். பார்வையாளர் அளவீட்டுக்காக அமெரிக்கா முழுவதும் சந்தைப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டபோது, பெல்லிங்காம் அமைந்துள்ள வாட்காம் மாவட்டம் சியாட்டில்-டகோமா சந்தைக்குள் அடங்கியது. அதன்படி பார்த்தால் கேவிஓஎஸ், கைரோவின் வீட்டுக்குள்ளேயே இருக்கும் இரண்டாவது சிபிஎஸ் நிலையம். வான்கூவர் வருமானமும் கேபிளில் தனித்தன்மையும் போன பிறகு, அந்த இரட்டிப்பைக் காப்பாற்ற எந்த நியாயமும் மிஞ்சவில்லை. வோமெட்கோ கைமாறியதைத் தொடர்ந்து 1985இல் சியாட்டிலின் ஆக்கர்லி நிறுவனம் நிலையத்தை வாங்கியது. அந்தப் பத்தாண்டிலேயே சிபிஎஸ்ஸோடு இருந்த பந்தம் அறுந்து, கேவிஓஎஸ் பழைய திரைப்படங்களையும் மறு ஒளிபரப்புத் தொடர்களையும் காட்டும் தனி நிலையமானது.

அதன் இடம் எங்கே என்பதை 1995 இன்னொரு முறை காட்டியது. அந்த ஆண்டு மார்ச்சில் சியாட்டிலில் சிபிஎஸ் கைரோவை விட்டு விலகியது. காரணம் சியாட்டிலிலேயே இல்லை. டெக்சாஸின் டல்லாஸ் பகுதியில் ஃபாக்ஸ் நெட்வொர்க்கிடம் தன் நிலையத்தை இழந்த சிபிஎஸ், அங்கே கேலார்ட் நிறுவனத்தின் கேடிவிடி நிலையத்தை வேண்டியது. எங்கள் டகோமா நிலையத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டால்தான் தருவோம் என்றது கேலார்ட். அப்படியே டகோமாவின் 11ஆம் சேனல் சிபிஎஸ் ஆனது, கைரோ யூபிஎன் என்ற புது நெட்வொர்க்குக்குப் போனது. 1997 ஜூன் இறுதியில் இரண்டும் மீண்டும் இடம் மாறிக்கொண்டன. இந்த இரண்டு மாற்றங்களிலும், முப்பது ஆண்டுகளாவது சிபிஎஸ்ஸைத் தாங்கிய பெல்லிங்காம் நிலையத்தை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

அடுத்த காலம் உரிமையாளர்கள் வேகமாக மாறிய காலம். 2002இல் ஆக்கர்லி கிளியர் சேனலோடு இணைந்தது. 2008இல் கிளியர் சேனலின் தொலைக்காட்சிப் பிரிவு நியூபோர்ட் நிறுவனத்துக்குப் போனது. 2011இல் மைக்கேல் டெல்லின் முதலீட்டு நிறுவனத்தின் பின்பலம் கொண்ட ஓடிஏ பிராட்காஸ்டிங் வாங்கியது. தொலைக்காட்சி அலைவரிசைகளைக் கைப்பேசி நிறுவனங்களுக்கு ஏலம் விடும் திட்டம் அப்போது உருவாகிக்கொண்டிருந்ததால், ஓடிஏ போன்றோர் சிறு நிலையங்களை வாங்கியதில் நிகழ்ச்சிகளைவிட அலைவரிசையின் மதிப்பே முன்னின்றது. ஏலம் 2017இல் முடிந்தது. கேவிஓஎஸ் ஒளிபரப்பில் நீடித்தது. 2018இல் சிகாகோவின் வைகல் நிறுவனம் அதை வாங்கியது. பழைய தொடர்களுக்கான மீடிவி என்ற நெட்வொர்க்கை நடத்தும் நிறுவனம் அது. அதன் நிகழ்ச்சிகளை 12ஆம் சேனல் ஏற்கெனவே பல ஆண்டுகளாக ஒளிபரப்பி வந்தது.

இந்தக் காலத்தில் நிலையத்தை உயிரோடு வைத்தது, ஒரு காலத்தில் அதன் சிபிஎஸ் உரிமையைப் பறித்த அதே சந்தை எல்லைக்கோடுதான். ஒரு சந்தைக்குள் உள்ள உள்ளூர் நிலையங்கள் கேட்டால் கேபிள் நிறுவனங்கள் அவற்றைக் காட்டியே தீர வேண்டும் என்று 1992ஆம் ஆண்டுக் கேபிள் சட்டம் சொல்கிறது. வாட்காம் மாவட்டம் சியாட்டில் சந்தையில் அடங்கியதால், வடக்கு நோக்கியே வாழ்ந்த நிலையம் தெற்கே சியாட்டில் வீடுகளுக்குள் நுழைய உரிமை கோர முடிந்தது. வைகல் போன்ற நிறுவனத்துக்கு அந்த உரிமை மதிப்புள்ள சொத்து.

யூனிவிஷன் வந்ததும் ஒரு சங்கிலித் தொடரின் கடைசிக் கண்ணியாகத்தான். 2022இல் சிடபிள்யூ நெட்வொர்க்கின் பெரும்பங்கை நெக்ஸ்டார் நிறுவனம் வாங்கியது. 2023 செப்டம்பரில் சிபிஎஸ்ஸுக்குச் சொந்தமான நிலையங்கள், சியாட்டில் பகுதியின் 11ஆம் சேனல் உட்பட, சிடபிள்யூவைக் கைவிட்டன. அதை அந்தச் சந்தையில் அதுவரை யூனிவிஷனைக் காட்டிவந்த கேயூஎன்எஸ் நிலையம் எடுத்துக்கொண்டது. இடமிழந்த யூனிவிஷன் 2024 ஜனவரி 1 முதல் வைகலின் கேவிஓஎஸ்ஸுக்கு வந்து சேர்ந்தது. நிலையத்தின் அலுவலகம் இன்று சியாட்டிலில் இருக்கிறது. உரிமத்தில் உள்ள ஊர் இன்னமும் பெல்லிங்காம். அலை இன்னமும் கான்ஸ்டிடியூஷன் மலையிலிருந்துதான் கிளம்புகிறது. அந்த மலைக்கு அமெரிக்கப் பக்கத்தில் உள்ள ஸ்காஜிட், வாட்காம் மாவட்டங்கள் ராஸ்பெர்ரிப் பழத்துக்கும் டியூலிப் மலர்களுக்கும் பெயர்பெற்ற விவசாயப் பகுதிகள். அந்த வயல்களில் உழைப்பவர்களில் ஏராளமானோர் வீட்டில் ஸ்பானிய மொழி பேசுபவர்கள். தொடங்கிய நாளிலிருந்து வான்கூவருக்காகவே நிகழ்ச்சி தேர்ந்தெடுத்த இந்த நிலையத்துக்கு, அதன் சொந்த மாவட்டத்து மக்களில் ஒரு பகுதியினரை முதன்மையாக நினைத்துத் தயாரிக்கப்படும் நிகழ்ச்சிகள் கிடைத்திருப்பது இப்போதுதான் முதல் முறை என்று நினைக்கிறேன்.